மேல்கட்டில்வரை வராத வைஃபை

வளைகுடாவிலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் கை முதலில் போனைத்தான் எடுக்கிறது. 2024 ஏப்ரல் 16 அன்று துபாய் வெள்ளத்தில் மிதந்தபோது அப்படித்தான். அதே ஆண்டு ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்து, 7 தமிழர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தபோதும் அப்படித்தான். 2025 ஜூன் 23 அன்று கத்தாரின் அல் உதெய்து விமானதளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசி, வளைகுடா நாடுகள் சில வான்வழியை மூடிய இரவிலும் அதேதான். "லைன் கிடைக்குதா?" என்ற கேள்விக்கான பதில், பல சமயங்களில் அங்கே தங்குமிடத்தில் இருக்கும் வைஃபையின் கையில் இருக்கிறது. அந்த வைஃபை எப்படி இருக்கும் என்பதை, தொழில்நுட்பம் படிக்காத ஏதோ ஒரு மேலாளர் போட்ட கையெழுத்து தீர்மானித்திருக்கிறது.

துபாயின் வடகிழக்கு ஓரத்தில், ஷார்ஜா எல்லையை ஒட்டி இருக்கிறது சோனாப்பூர். அரசு ஆவணங்களில் அதன் பெயர் முஹைஸ்னா 2. கட்டுமானம், துப்புரவு, பாதுகாவல், கிடங்கு வேலை என்று நகரத்தை நடத்துகிறவர்கள் இரவு தங்கும் இடம்; இப்படிப்பட்ட தங்குமிடத்தைக் 'கேம்ப்' என்பார்கள். நீண்ட நடைகூடம், இருபுறமும் வரிசையாக அறைகள், அறைக்குள் இரண்டடுக்குக் கட்டில்கள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். குளித்து, சமைத்து, சாப்பிட்டு முடித்தால் மணி எட்டரை, ஒன்பது.

அங்கே ஒன்பது என்றால் இங்கே பத்தரை. பிள்ளைகள் தூங்குவதற்குள் பேசியாக வேண்டும். அதனால் கேம்பில் இருக்கும் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே ஒன்றரை மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் பேச முயல்கிறார்கள். ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ இணையப் பயன்பாடு நாள் முழுக்கப் பரவி இருக்கும். கேம்பில் பகலெல்லாம் வெறிச்சோடிக் கிடந்து, இரவில் மொத்தமாக வந்து மோதும். வளைகுடாத் தொழிலாளர் தங்குமிடங்களுக்கு இணையம் அமைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றரை மணி நேரத்தை.

இணையம் பேச்சுக்கு மட்டும் இல்லை. சம்பளம் ஏறியதா என்று பார்ப்பது சம்பள அட்டையின் செயலியில். ஊருக்குப் பணம் அனுப்புவது போனில். ஒப்பந்தத்தில் சொன்ன சம்பளம் வரவில்லை என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்வதும் போன் வழியாகத்தான். விசா, விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு எல்லாமே கைபேசிக்குள் போய்விட்டன. ஆகவே ஒரு தொழிலாளியின் போனில் இணையம் இல்லை என்றால் பொழுதுபோக்கு மட்டும் போகவில்லை; உரிமை கேட்கும் வழியும் சேர்ந்து போகிறது.

'போனில்தான் 5ஜி இருக்கிறதே, வைஃபை எதற்கு?' என்று கேட்கலாம். அமீரகத்தில் கைபேசி வலையமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆயிரம் திர்ஹம் அளவில் சம்பளம் வாங்குகிறவர், தினமும் வீடியோ காலுக்கு மொபைல் டேட்டாவை நம்பினால் ஊருக்குப் போகும் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்.

வேகம் என்ற ஏமாற்று

கேம்ப் மேலாளர், நிர்வாக அதிகாரி, பி.ஆர்.ஓ., கேம்ப் பாஸ் (தங்குமிடப் பொறுப்பாளர்) ஆகிய வேலைகளில் இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு. அவர்கள் பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வைஃபை போடுகிற ஒப்பந்ததாரர் வந்து உட்கார்ந்தால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? "எத்தனை எம்பி லைன்?" என்ற ஒரே கேள்வி. "ஐந்நூறு" என்று பதில். கையெழுத்து.

அந்த ஐந்நூறு என்பது தெருவிலிருந்து கட்டடத்துக்குள் வரும் ஃபைபரின் அளவு. அது சரியாகவே வந்து சேர்ந்திருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. ஃபைபர் முடிகிற இடத்திலிருந்து தொழிலாளியின் போன் வரைக்கும் காற்றில்தான் போக வேண்டும். காற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு வைஃபை பெட்டி ஒரு சேனலில் பேசும்போது, பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

ஊர்க் கூட்டத்தில் ஒரே ஒரு மைக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் பேச வேண்டும். மைக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மளமளவென்று பேசுபவர் நொடியில் முடித்துக் கொடுத்துவிடுவார். திக்கித் திணறிப் பேசுபவர் கையில் மைக் போனால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் காத்திருக்க வேண்டும். வைஃபையில் திக்கிப் பேசுபவர் யார் என்றால், பெட்டியிலிருந்து வெகுதூரத்தில், இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருக்கும் பழைய போன். அவருக்குச் சிக்னல் பலவீனம் என்பதால் அவரது தரவு மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவதால் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்கிறது. கடைசி அறையில் இருப்பவருக்கு இணையம் சரியாகப் போகவில்லை என்றால், பெட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் அது மந்தமாகிறது என்பது பல மேலாளர்களுக்குத் தெரியாது.

அதனால்தான் "லைனை ஆயிரம் ஆக்கிவிட்டோம், அப்பவும் ஸ்லோ என்கிறார்கள்" என்ற புலம்பல் கேட்கிறது. லைன் குற்றவாளியே இல்லாத வழக்கில் லைனுக்கு மேலும் மேலும் பணம் கட்டுகிறார்கள்.

ஒரு கணக்கு போடலாம். உதாரணத்துக்கு 600 பேர் தங்கும் கட்டடம், அறைக்கு 8 பேர், மொத்தம் 75 அறைகள். இரவு ஒன்பது மணிக்குப் பாதிப் பேர், அதாவது 300 பேர், இணையத்தில் இருக்கிறார்கள். அதில் 150 பேர் வீடியோ கால். ஆளுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் போதும். மீதி 150 பேர் படமோ ரீல்ஸோ பார்க்கிறார்கள்; ஆளுக்கு இரண்டு மெகாபிட். மொத்தம் 450. ஆக 500 லைன் இந்தக் கட்டடத்துக்குப் போதுமானது.

இனி பெட்டிக் கணக்கு. ஒரு நல்ல வைஃபை பெட்டியில் (ஆக்சஸ் பாயின்ட்) ஒரே நேரத்தில் 25 பேர் தடங்கலில்லாமல் பேசலாம் என்று வைத்தால் 300 பேருக்கு 12 பெட்டிகள் வேண்டும். ஆனால் சுவர்களைக் கணக்கில் எடுத்தால், மூன்று அறைக்கு ஒன்று என்று 25 வேண்டும். இரண்டில் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். நடைகூடத்துக்கு ஒன்று என்று மூன்றோ நான்கோ பெட்டியை மாட்டிவிட்டு "கேம்ப் முழுக்க வைஃபை" என்று எழுதிக் கொடுப்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

சுவர், இரும்பு, உடம்பு

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றுக்கொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டு வந்தால் சோர்ந்துவிடும். ரூட்டர் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று வருவது இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான். போனில் இருக்கும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மலிவு விலைப் பழைய போன்கள் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஆகவே கேம்பில் இரண்டும் வேண்டும்.

கேம்ப் அறை என்பது வைஃபைக்குக் கடினமான அறை. இரும்புக் கட்டில், இரும்பு அலமாரி, கட்டிலைச் சுற்றிக் கட்டிய திரை, எட்டு மனித உடம்புகள். உடம்பில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலையைக் குடித்துவிடும். வேலைத்தளங்களை ஒட்டிய தற்காலிக கேம்ப்களில் இருக்கும் போர்ட்டா கேபின்களோ இன்னும் மோசம். தகரத் தகடுகளால் ஆன சுவர் சிக்னலைத் திருப்பியே அனுப்பிவிடும். கேபினுக்கு வெளியே கம்பத்தில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் உள்ளே இருப்பவருக்குப் பயன் குறைவு.

"நாலு கட்டை காட்டுது, ஆனா போகல" என்று தொழிலாளிகள் சொல்வதை மேலாளர்கள் நம்புவதில்லை. அது உண்மைதான். போனில் காட்டும் கட்டைகள் பெட்டி பேசுவது போனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. பெட்டிக்குச் சக்தி அதிகம்; போனுக்குக் குறைவு. பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கும். போன் பேசுவது பெட்டிக்குக் கேட்காது. எனவே சக்தியைக் கூட்டிவைத்த ஒரு பெரிய பெட்டியைவிட, மிதமான சக்தியுள்ள பல சின்னப் பெட்டிகள் மேல்.

யூடியூப் ஓடுகிறது, கால் மட்டும் உடைகிறது என்பதும் தினம் கேட்கும் புகார். படம் பார்க்கும்போது போன் அடுத்த சில நொடிகளுக்கானதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் தடங்கல் வந்தாலும் தெரியாது. பேச்சுக்கு அந்த வசதி இல்லை. அம்மா இனி பேசப்போவதை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. சொல் கிளம்பிய கால் நொடிக்குள் போய்ச் சேராவிட்டால் இரண்டு பக்கமும் "ஹலோ... ஹலோ..." ஆகிவிடும். ஆகவே வேகம் அளக்கும் செயலியில் பெரிய எண் வந்ததை வைத்து ஒப்பந்ததாரருக்குப் பாஸ் மார்க் போடக் கூடாது. தாமதம் எவ்வளவு, எத்தனை துண்டுகள் வழியில் தொலைகின்றன என்று கேட்க வேண்டும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும்.

இதன் நடைமுறை விளைவைக் கேம்பில் போய்ப் பார்த்தால் புரியும். அறைக்குள் சிக்னல் வராததால் ஆட்கள் நடைகூடத்துக்கு வருகிறார்கள். படிக்கட்டில் உட்கார்கிறார்கள். மாடி ஓரச் சுவரில் சாய்ந்துகொள்கிறார்கள். பெட்டி எங்கே மாட்டியிருக்கிறதோ அதன் கீழே பத்துப் பேர் கூடி நிற்கிறார்கள். மனைவியோடு கடன் பற்றிச் சண்டை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த பேச்சு, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்ற விசாரிப்பு என எல்லாமே நடைகூடத்தில், எல்லார் காதிலும் விழ. எட்டுப் பேர் அறையில் தனிமை என்று ஏதாவது இருந்தால் அது திரை போட்ட கட்டிலுக்குள்தான். சிக்னல் அந்தத் திரைக்குள் போகவில்லை என்றால் அந்தக் கொஞ்சத் தனிமையும் போயிற்று. பெட்டியை அறைக்குள் மாட்டாமல் நடைகூடத்தில் மாட்டுவது கேபிள் செலவை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சத்தின் விலை இது. அடுத்த நாள் காலை சாரத்தில் ஏறப்போகிறவர் முந்தின இரவு வீட்டுக்குப் பேசி முடித்துத் தூங்கினாரா என்பது பாதுகாப்பு அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

வெயிலையும் மறக்கக் கூடாது. கோடையில் 45 பாகையைத் தாண்டும் ஊரில், வீட்டுக்குள் வைக்கச் செய்த பெட்டியை மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் வைத்தால் ஜூலை தாண்டாது.

அறைக்கு ஒரு ரூட்டர்

கேம்ப் வைஃபை வேலை செய்யாதபோது தொழிலாளிகள் சும்மா இருப்பதில்லை. ஒரு அறையில் எட்டுப் பேர் சேர்ந்து சிம் போடும் ரூட்டர் ஒன்றை வாங்கி மாதப் பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்டடத்தில் நாற்பது அறைகள் இப்படிச் செய்தால், நாற்பது ரூட்டர்களும் 2.4இன் அந்த மூன்றே சேனல்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன. எல்லாருக்கும் பணம் செலவாகிறது. யாருக்கும் ஒழுங்காகப் போகவில்லை.

சிலர் அதையே சிறு வியாபாரமாக்கி, பாஸ்வேர்டைப் பக்கத்து அறைகளுக்கு மாதக் கட்டணத்துக்கு விற்கிறார்கள். அமீரகத்தில் தொலைத்தொடர்புச் சேவையை விற்க உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடு மக்களுக்குச் சேவை தருபவை எத்திசாலாத் (இப்போது 'இ அண்ட்'), டூ என்ற இரண்டு நிறுவனங்கள். விற்பவர் இதை உதவி என்று நினைக்கலாம். சட்டம் அப்படி நினைக்காது. நாளை அந்த இணைப்பில் யாராவது தவறு செய்தால் விசாரணை முதலில் போய் நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்.

இதற்கு மேலாளர் செய்வது என்ன? "ரூட்டர் வைக்கத் தடை" என்று அறிவிப்பு ஒட்டுவது. பொது வைஃபையை முதலில் சரிசெய்துவிட்டு அந்த அறிவிப்பை ஒட்டியிருந்தால் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். சரிசெய்யாமல் ஒட்டினால் ரூட்டர் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரும்பு அலமாரிக்குள்.

இன்னொரு மலிவு வைத்தியம், ரிப்பீட்டர். கேபிள் இழுக்காமல், காற்றில் வருவதை வாங்கிக் காற்றிலேயே திருப்பி அனுப்பும் பெட்டி. ஒரே செய்தியை இரண்டு முறை பேசுவதால் இருக்கும் நேரத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். வீட்டில் ஒரு மூலைக்குச் சரி. நூறு பேர் இருக்கும் மாடிக்கு ஆகாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் போக வேண்டும். அந்தக் கேபிளிலேயே மின்சாரமும் போகும் என்பதால் அறைக்கு அறை பிளக் தேட வேண்டியதில்லை. 100 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும். கட்டடம் கட்டும்போதே இழுத்தால் செலவு குறைவு. குடிவந்த பிறகு இழுத்தால் கூடுதல். எப்படியானாலும் ஒருமுறைச் செலவு.

வைஃபை இருந்தும் வாட்ஸ்அப் கால் போகாது

ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரும் குழப்பம். "மெசேஜ் வருது, கால் மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கிற?" அமீரகத்தில் இணையம் வழியான குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த சேவைகளில் மட்டுமே பேசலாம். வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், வாய்ஸ் நோட் போடலாம், கால் போகாது. 2018 ஜனவரியில் ஸ்கைப்பும் நின்றது. அதையொட்டி போட்டிம், சீமீ ஆகிய செயலிகள் கைபேசிக்கு மாதம் 50 திர்ஹம் கட்டணத்தில் அறிமுகமாயின. கோவிட் காலத்தில், 2020இல், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றுக்கு வழி திறந்தார்கள். பள்ளியும் அலுவலகமும் நடக்க வேண்டும் என்பதற்காக வந்த தளர்வு அது.

ஆக, கேம்ப் வைஃபை எவ்வளவு அருமையாக இருந்தாலும் சட்டத்தின் கதவு ஒன்று நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றிப் போக, இணைய முகவரியை மாற்றிக் காட்டும் வி.பி.என். செயலியைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் நண்பர்கள் எல்லா அறையிலும் உண்டு. குற்றம் செய்யவோ அதைக் கண்டறிய விடாமல் மறைக்கவோ இணைய முகவரியை மாற்றுபவருக்குச் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் அமீரகச் சட்டத்தில் இருக்கின்றன. வீட்டுக்குப் பேசுவது அந்தப் பிரிவில் வருமா என்று சட்டம் படித்தவர்கள் வாதிடலாம். சோனாப்பூரில் இருப்பவர் அந்த வாதத்தை நடத்தும் நிலையில் இல்லை. அதோடு, இலவச வி.பி.என். செயலிகள் சிலவற்றின் வருமானமே பயனரின் தகவல்தான்.

இந்தக் கட்டுப்பாடு தளர வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்குப் பேச அந்தச் செயலிகள் அறிமுகமானபோது கேட்ட 50 திர்ஹம், ஆயிரம் திர்ஹம் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அது கேம்ப் மேலாளரின் கையில் இல்லை. அனுமதிக்கப்பட்ட செயலி எது என்று அறையில் தமிழிலும் மற்ற மொழிகளிலும் எழுதி ஒட்டுவது அவர் கையில் இருக்கிறது. அமீரகத்தின் வேலை ஒப்பந்தமே தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளில் கிடைக்க ஏற்பாடு உண்டு. வைஃபை அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் ஏன்?

ஒரே பாஸ்வேர்டு, அறுநூறு பேர்

கேம்ப் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. அது சுவரிலும் எழுதியிருக்கிறது. வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும், எதிர்க்கட்டடத்துக்கும் தெரியும். இதே இணைப்பில் கேம்ப் அலுவலகக் கணினியும், கேமராக்களும், சில இடங்களில் சம்பளப் பதிவேடும் இருக்கின்றன. இது ஆபத்து.

தீர்வு கடினமில்லை. தொழிலாளர் வைஃபையையும் அலுவலக வைஃபையையும் முழுக்கத் தனித்தனி ஆக்க வேண்டும். ஒரே கேபிளில் ஓடினாலும் இரண்டையும் பிரிக்க ஸ்விட்ச்சில் வசதி உண்டு. ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் அமைப்பு ஆக்சஸ் பாயின்ட்டிலேயே இருக்கும். அதை இயக்கச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு எண்ணும் ரகசியச் சொல்லும் கொடுத்தால், வேலையை விட்டுப் போகும் நாளில் அதை மூடிவிடலாம்.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்ததும் சில நிர்வாகங்களுக்கு வேறொரு ஆசை வரும்: யார் என்ன பார்க்கிறார்கள் என்று நோட்டம் விடுவது. யார் புகார் இணையதளத்துக்குப் போனார் என்று தேடுவது. ஒப்பந்தத்திலேயே இதற்குத் தடை போட வேண்டும். சட்டம் கேட்கிற பதிவுகள் சேவை தரும் நிறுவனத்திடம் இருக்கட்டும். கேம்ப் பாஸின் மேசைக்கு அவை வரத் தேவையில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு அமீரகத்தில் 2021இலேயே சட்டம் வந்துவிட்டது.

என்ன செய்யலாம்

சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் கோவிட் பரவலால் விடுதிகளுக்குள் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அடைபட்டபோது, சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் அடுத்து அரசு ஏற்பாடு செய்தவற்றில் வைஃபையும் சிம் கார்டும் இருந்தன. அடுத்த ஆண்டு புதிய விடுதிகளுக்கு அறிவித்த விதிகளில், அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் என்பவற்றோடு அறைகளில் வைஃபை என்பதும் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது, விடுதியில் அல்ல, அறைகளில். அமீரகத்தின் 2009ஆம் ஆண்டுத் தங்குமிட விதிகள் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் என்று அளந்து சொல்கின்றன. இணையத்தையும் அப்படி அளந்து சொல்ல வேண்டும். விதி வரும்வரை நிறுவனங்களே தங்கள் ஒப்பந்தத்தில் எழுதலாம்.

எழுத வேண்டியது இது: "இரவு 8.30 முதல் 10 வரை, எந்த அறையின் எந்தக் கட்டிலிலும், அனுமதிக்கப்பட்ட செயலியில் பத்து நிமிட வீடியோ கால் தடையில்லாமல் போக வேண்டும்." 'அதிவேக வைஃபை வசதி' என்ற சொற்றொடருக்கு ஒப்பந்தத்தில் ஒரு பொருளும் இல்லை.

பணம் கொடுக்கும் முன் சோதியுங்கள். காலை பதினொரு மணிக்கு, கேம்ப் காலியாக இருக்கும்போது, ஒப்பந்ததாரர் தன்னுடைய புதுப் போனில் காட்டும் சோதனையை ஏற்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு, பெட்டியிலிருந்து மிகத் தொலைவான அறையில், மேல்கட்டிலில், திரையை மூடிக்கொண்டு, அங்கே தங்கியிருப்பவர்களிலேயே பழைய போன் வைத்திருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். மாடிக்கு இரண்டு அறை என்று மூன்று இரவு பார்த்தால் போதும். பில்லின் ஒரு பகுதியை இதற்குப் பிறகு கொடுங்கள்.

பெட்டிகள் எங்கே வரும் என்று கட்டட வரைபடத்தில் புள்ளி வைத்துக் கேளுங்கள். வரைபடம் தராதவர் கட்டடத்தைப் பார்க்காமலே விலை சொல்கிறார். புதிதாகப் போடுபவர்கள் வைஃபை 6 வகைப் பெட்டியைக் கேட்கலாம். அது சேனலைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு ஒரே சமயத்தில் பங்கிடும். ஆனால் முழுப் பலன் கிடைக்க போனும் அதே வகையாக இருக்க வேண்டும் என்பதால், அதைச் சொல்லிப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வந்தால் விடாதீர்கள்.

இரவில் வீடியோ காலுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று, நான்கு மெகாபிட் என்று உச்சவரம்பு வைத்தால் நான்கு பேர் படம் இறக்குவதால் நானூறு பேரின் பேச்சு உடையாது. நள்ளிரவுக்குப் பிறகு வரம்பைத் தளர்த்தலாம். நைட் டூட்டி ஆட்கள் பகலில் தாராளமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

மின்சாரம் போனால் வைஃபையும் போகும். 2024 வெள்ளம் போன்ற நாளில் தொழிலாளிகள் வீட்டுக்குப் பேச வேண்டிய அவசியம் மற்ற நாளைவிட அதிகம். ஃபைபர் பெட்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி வைப்பது பெரிய செலவில்லை.

வைஃபை கோளாறு என்றால் யாரிடம் சொல்வது? பல கேம்ப்களில் பதில் "கேம்ப் பாஸ்கிட்ட சொல்லு" என்பதுதான். அவருக்கு நூறு வேலை. அறை எண்ணோடு வாய்ஸ் நோட் அனுப்ப ஒரு எண், எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்ற கெடு, தாமதமானால் மாதக் கட்டணத்தில் கழிவு ஆகிய மூன்றையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். தொழிலாளியிடம் தனியாக வைஃபை கட்டணம் வாங்குகிற இடங்களில், குறைந்தபட்சம் பேசுவதற்கான அளவையாவது தண்ணீர், மின்சாரத்தோடு சேர்த்துத் தங்குமிடச் செலவில் நிறுவனம் ஏற்கட்டும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு நடக்கும் முன்பயிற்சி வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்: எந்த நாட்டில் எந்தச் செயலியில் பேசலாம், வி.பி.என். விஷயத்தில் சட்டம் என்ன, பொது வைஃபையில் வங்கி விவரத்தைக் கேட்டு வரும் போலி இணைப்பை எப்படி அடையாளம் காண்பது. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இருப்பவரின் போனிலும் அதே செயலியைப் போட்டுப் பேசிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே போன பிறகு, ஊரில் இருக்கும் வயதான அம்மாவுக்குப் போனிலேயே செயலி போடச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பாடு என்று போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆள் எடுக்கும்போது, வேலை தருபவரிடம் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் பற்றிக் கேட்கும் இடத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: தங்கும் அறைக்குள் வைஃபை உண்டா? அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்?